எதிர்ப்புத் தக்காளியும் இலைப்பேனும்

நோயை எதிர்த்து நிற்கும் இனம் என்று விதைப்பையின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் சொல் சிறிதேயாயினும், அதனை நம்பி உழவன் ஒருவன் ஓராண்டு உழைப்பையும் கடன்பட்ட பொருளையும் நிலத்தில் இடுகின்றான். 2016-ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்க நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்னியாவில், பிரெஸ்னோ மாவட்டத்துத் தக்காளி வயல்கள் சிலவற்றில் அச்சொல் பொய்த்தது. புள்ளி வாடல் நோய் தம்மை அணுகாதென்று கருதி நடப்பெற்ற செடிகளின் தளிர்கள் வெண்கல நிறமெய்திக் கருகின, நுனிகள் தலைசாய்ந்தன, காய்களின்மேல் வளையங்கள் தோன்றின. விதையில் கலப்பு நேர்ந்ததோ என ஐயுற்று ஆராய்ந்தோர், எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணு அச்செடிகளுள் குறைவின்றி அமைந்திருத்தலையே கண்டனர். மருந்தும் உளது; நோயும் உளது. இஃது யாங்ஙனம் கூடும் என்னும் வினாவிற்கு விடை தேடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடருக்கும் மேற்கே கடற்கரை மலைகளுக்கும் இடையில் நீண்டு கிடப்பது கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கு. கோடையில் மழையின்மையும், கால்வாய் நீரும், கடுவெயிலும் தக்காளிக்கு ஏற்றனவாய் அமைந்தமையின், கூழாகவும் சாறாகவும் ஆக்கித் தகரக் கலங்களில் அடைப்பதற்குரிய தக்காளியில் அமெரிக்க நாட்டிற்கு வேண்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் இப்பள்ளத்தாக்கே விளைவிக்கின்றது. ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு கோடி டன்னும் அதற்கு மேலும் விளைகின்றது என்பர். இத்தகைய தக்காளியைக் கைகொண்டு பலமுறை பறிப்பதில்லை. வயல் முழுதும் ஒருங்கே பழுத்த நிலையில், பெரும்பொறி ஒன்று செடியை அடியோடு அறுத்து உலுக்கிப் பழத்தைப் பிரித்துக் கொள்ளும். ஆகலின், ஒரு செடி நோயுற்றுப் பிந்திப் பழுக்குமாயின், அச்செடி இன்னொரு நாள் பயன்படும் என்னும் ஆறுதல் அங்கே இல்லை. அறுவடை ஒருநாள் நிகழ்ச்சி. அன்று பழுக்காதது மண்ணிற்கே உரியது. ஆலைகளோடு முன்னரே உடன்படிக்கை செய்துகொண்டு பயிரிடும் உழவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இனி நோயின் வரலாறு. இது கலிபோர்னியாவிற் பிறந்த செய்தியன்று. 1915-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் தக்காளிச் செடிகளில் இந்நோய் முதன்முதற் காணப்பட்டது. 1919-இல் பிரிட்டில்பாங்க் என்பார் அதனை எழுத்தில் விளக்கினார். நோயின் காரணம் யாதென அறியாது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1927-இல் பிட்மன் என்பார் சிறு பூச்சியாகிய இலைப்பேனே இதனைப் பரப்புவது எனக் காட்டினார். 1930-இல் சாமுவேல், பால்ட், பிட்மன் என்னும் மூவரும் கூடி, நோயை விளைப்பது வைரஸ் என்னும் நச்சுயிரியே என நிறுவி, இன்றுவரை வழங்கும் பெயரையும் அதற்கு இட்டனர். பரப்புவோன் முதலிற் பிடிபட்டான். பரப்பப்படும் பொருள் பின்னரே அறியப்பட்டது. தூதனைக் கண்டு ஓலையைப் பின்னர்ப் படித்தது போன்ற இம்முறை, நோய் ஆராய்ச்சியில் ஒருகாலைக்கொருகால் நிகழ்வதேயாம்.

இத்தூதனைப்பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏனெனில் இவனை அறியாதார் இந்நோயை அறியார். தமிழில் இலைப்பேன் என்கின்றோம். பேன் என்னும் பெயர் இருப்பினும் இது தலைப்பேனுக்கு உறவன்று. முழு வளர்ச்சியுற்ற பூச்சி ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உடையது. இடக்கடையில் விற்கும் ஊசியின் காதினுள் நுழைந்து வெளிவரவும் வல்லது எனலாம். இறகுகள் நான்கும் மெல்லிய தண்டுகளாய், இருமருங்கும் மயிர்க்குஞ்சம் கட்டினாற்போல் தோன்றும். வாயமைப்போ வியத்தற்குரியது. பெரும்பாலான பூச்சிகட்குத் தாடைகள் இரண்டும் ஒத்திருக்க, இதற்கு இடத்தாடை ஒன்றே வளர்ந்துளது. அதனால் இலையின் மேற்றோலைக் குத்தித் துளைத்து, பின்னர் ஊசிபோன்ற உறுப்புகளைச் செலுத்தி உயிரணுவின் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சப்பட்ட அணுக்களில் காற்றுப் புகுதலால் இலை வெள்ளி பூசினாற்போல் மின்னும்.

இலைப்பேன்களுள் இந்நோயைப் பரப்புவன சில இனங்களே. அவற்றுள் தலையாயது மேலைப் பூ இலைப்பேன் எனப்படுவது. 1895-இல் பெர்காண்டே என்பார் இதனை விளக்கியபொழுது கலிபோர்னியாவிற் கிடைத்த பூச்சியைக்கொண்டே விளக்கினார். எனவே அந்நாடு இதற்குத் தாயகமேயாம். நெடுங்காலம் அமெரிக்காவின் மேற்குப் புறத்திலே ஒடுங்கியிருந்த இப்பூச்சி, 1970-களின் இறுதியிலிருந்து பூச்செடி வாணிகத்தோடு கப்பலும் வானூர்தியும் ஏறி உலகெங்கும் பரவிற்று. 1983-இல் ஒல்லாந்தினை அடைந்தது. பின்னர் ஐரோப்பா முழுதும் அதன் வீடாயிற்று. பூச்சி சென்றவிடமெல்லாம் புள்ளி வாடல் நோய் புதுவலிவு பெற்றெழுந்ததைப் பலநாட்டு ஆராய்ச்சியாளரும் குறித்துள்ளனர்.

பெண்பூச்சி தன் முட்டையை இலையின்மேல் இடுவதில்லை. திசுவைக் கீறி அதனுள்ளே பதிக்கின்றது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சு இரண்டு பருவங்களில் இலையையும் பூவையும் உண்டு வளர்கின்றது. பின்னர்ப் பெரும்பாலும் மண்ணில் விழுந்து, உண்ணாது உறங்கும் இரு பருவங்களைக் கழித்து, இறகுடன் எழுகின்றது. வெப்பமிக்க காலத்தில் இச்சுற்று இரண்டு வாரத்திற்குள் முடியும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உளது. நோயுற்ற செடியைக் கடிக்கும் இலைப்பேன் அனைத்தும் நோய் பரப்பும் என்று நாம் எண்ணுதல் இயல்பே. உண்மை அதுவன்று. குஞ்சுப் பருவத்தில், அதிலும் முதற்பருவத்தில், நோயுற்ற செடியை உண்ட பூச்சி மட்டுமே நச்சுயிரியைத் தன்னுடலுட் கொண்டு வளர்ந்து, இறகு முளைத்த பின்னர் வாழ்நாள் முழுதும் அதனைப் பரப்பும். வளர்ந்தபின் முதன்முறையாக நோய்ச்செடியை உண்ணும் பூச்சியோ, அந்நச்சினைக் குடலளவிற்கு மேல் செல்லவிடாது தடுத்துக்கொள்ளுமாதலால், பிற செடிகட்குக் கொடுப்பதில்லை. குஞ்சின் உடலுள் நச்சுயிரி வெறும் பயணியாய் இருப்பதன்று, பெருகியும் வளர்கின்றது, குடலினின்று உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைந்து அங்கே குடிகொள்கின்றது. ஆயினும் தாயினின்று முட்டைக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் நோயைப் புதிதாகவே பெறுதல் வேண்டும். ஆதலின் நோய் பரவுதற்கு வேண்டுவது இரண்டு: செடி நோயுற்றிருத்தல் வேண்டும்; அச்செடியே இலைப்பேனின் குஞ்சுகட்குத் தொட்டிலாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு கூடாத செடி, நோயுற்றதாயினும், பிறர்க்குத் தீங்கு செய்யாது. இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனினும் வியப்பானது. நச்சுயிரி புகுந்த ஆண் இலைப்பேன்கள், புகாதவற்றைக் காட்டிலும் மிகுதியான முறை செடியைக் குத்தி உண்ணுகின்றன என்று அவர்கள் கண்டனர். அங்ஙனம் குத்துந்தோறும் உமிழ்நீர் செடியுட் புகுதலின், நச்சுயிரியும் உடன் புகுகின்றது. தூதனுடைய பசியையே தன் வாணிகத்திற்கு மூலதனமாக்கிக்கொண்டது அந்நுண்பொருள் எனலாம்.

நச்சுயிரியின் உருவம் எளிதே. ஏறத்தாழ 80 முதல் 120 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை அது, கொழுப்புறை போர்த்தது. உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் மூன்று துண்டுகளாய் உள்ளது. இம்மூன்றிலும் எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளால் ஆவன ஒரு சில புரதங்களே. அத்துணைச் சிறிய கருவியைக்கொண்டு ஆயிரத்திற்கு மேற்பட்ட செடியினங்களை அது தாக்குகின்றது. தக்காளி, மிளகாய், நிலக்கடலை, புகையிலை, கீரைவகை, பூச்செடி, வேலியோரத்துக் களை ஆகிய எதுவும் அதற்கு விலக்கன்று. விதைவழியே தக்காளியிற் பரவுவதில்லை. கைபட்டும் பெரும்பாலும் பரவுவதில்லை. இலைப்பேன் இல்லையேல் இந்நோய் ஒரு வயலினின்று அடுத்த வயலுக்கும் செல்லாது.

நிற்க. இத்தகைய பகையை வெல்லும் வழி யாது? பூச்சியைக் கொல்லுதல் என்பர் சிலர். பூச்சியோ பூவினுள்ளும் குருத்தினுள்ளும் ஒளிந்துறைவது. முட்டை திசுவினுள் இருப்பது. உறங்கும் பருவம் மண்ணுள் கழிவது. மருந்து தெளிக்குங்கால் மருந்திற்கு அகப்படுவது பாதியே. அன்றியும், வேற்று வயலினின்று பறந்துவந்த நச்சேறிய பூச்சி ஒன்று ஐந்து நிமிடம் உண்ணினும் நோயைத் தந்துவிடும். மருந்தால் அது பின்னர் இறப்பதனாற் செடிக்குப் பயன் என்னை? ஒரே வகை மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்த நாடுகளில் மேலைப் பூ இலைப்பேன் அம்மருந்துகட்குப் பழகிவிட்டமையும் கண்கூடு. எனவே செடியையே வலியதாக்குதல் நன்றென அறிஞர் கருதினர்.

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேலைக்கரை. பெரு, சிலி முதலிய நாடுகளில், ஆண்டீஸ் மலைச்சரிவுகளில், இன்றும் காட்டுத்தக்காளிகள் பல வளர்கின்றன. அவற்றின் கனி சிறிது. பச்சை நிறம் மாறாதன பல. உண்பதற்கு இனியன அல்ல. ஆயினும் நாட்டுத்தக்காளி இழந்துவிட்ட ஆற்றல்கள் பல அவற்றினிடம் எஞ்சியுள்ளன. செல்வக்குடியிற் பிறந்தோர் மறந்துவிட்ட கைத்தொழிலை வறிய உறவினர் காத்துவைத்திருத்தல் போன்றது இது.

முதல் முயற்சி விரைவிலே முறிந்தது. 1953-இல் பின்லே என்பார் ஆஸ்திரேலியாவில் எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் ஐந்தினை வகுத்துக் கூறினார். நச்சுயிரியின் எல்லா வகைகளையும் அவை தடுக்கவில்லை. புதிய வகைகள் தோன்றி அவற்றைக் கடந்தன. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில், பெரு நாட்டுக் காட்டுத்தக்காளியின் வழிவந்த ஸ்டீவன்ஸ் என்னும் இனம் வெளிவந்தது. அதன் எதிர்ப்பாற்றல் ஒரே மரபணுவால் அமைந்தது என்பதும், அம்மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து வரினும் போதும் என்பதும் 1992-இல் தெளிவாக்கப்பட்டன. அதற்கு எஸ்.டபிள்யூ-5 என்று பெயர். ஒன்றே போதும் என்பது விதை ஆக்குவோர்க்குப் பெரும்பேறு. கலப்பினங்களில் எளிதிற் புகுத்தலாம். உலகின் பல பகுதிகளிலும் அங்ஙனமே புகுத்தினர். 2000-க்குப் பின்னர்க் கலிபோர்னியாவிற் புள்ளி வாடல் நோய் கடுமையுற்றபொழுது, அந்நாட்டு உழவரும் இம்மரபணுவுடைய இனங்களையே நாடினர்.

அம்மரபணு செயற்படும் முறை நுட்பமானது. நச்சுயிரி ஓர் உயிரணுவினுட் புகுந்து பெருகினால் மட்டும் போதாது. அடுத்த அணுவிற்குச் செல்லல் வேண்டும். செடியின் அணுக்களுக்கிடையே நுண்ணிய துளைகள் உள. ஆனால் நச்சுயிரி செல்லுமளவிற்கு அவை அகன்றன அல்ல. அவற்றை அகலத் திறந்து, குழாய்போன்ற வழியமைப்பதற்கென்றே நச்சுயிரி ஒரு புரதத்தை ஆக்குகின்றது. அதற்கு என்.எஸ்.எம். என்று பெயரிட்டுள்ளனர். நாம் வழிதிறப்பான் என்று வழங்குவோம். எஸ்.டபிள்யூ-5 மரபணுவால் உண்டாகும் காவற்புரதம் இவ்வழிதிறப்பானை அடையாளங்கண்டு பிடிக்கின்றது. பிடித்த அளவில் அவ்வணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கின்றது. சூழ்ந்த சில அணுக்களும் மடிகின்றன. இறந்த அணுவில் நச்சுயிரி வாழாது. ஓர் அணுவின் சாவால் செடி பிழைக்கின்றது. குடிக்கு ஒருவனைத் துறக்கலாம் என்னும் பழைய அரசியலைச் செடி தன் உடலுள்ளே நடத்துகின்றது.

இதனால் விளையும் நன்மை அச்செடியளவில் நிற்பதன்று. முன்னர்க் கூறிய நுட்பத்தை ஈண்டு நினைக. நச்சுயிரி ஒரு புள்ளியளவில் அடைபட்டொழிதலால், அச்செடியில் வளரும் இலைப்பேன் குஞ்சுகட்கு நஞ்சு கிடைப்பதில்லை. பூச்சி அங்கே பெருகினும் நோய் பெருகாது. எதிர்ப்புடைய வயல் அண்டை வயலுக்கும் அரணாகும்.

ஆயினும் எதிர்ப்பு என்னும் சொல்லின் எல்லையை உழவர் பலர் அறியார். எதிர்ப்பு வேறு, தீண்டாமை வேறு, பொறுத்தல் வேறு. நோய் உள்ளே புகவே இயலாத செடி தீண்டப்படாதது. நோய் உள்ளே பரவினும் விளைவு குன்றாத செடி பொறுப்பது. நோய் புகுந்தவிடத்திலேயே அதனைத் தடுத்துநிறுத்தும் செடிதான் எதிர்ப்பது. தக்காளியில் நாம் காண்பது இம்மூன்றாவதே. ஆகையால், எஸ்.டபிள்யூ-5 உடைய செடியிலும், நச்சேறிய பூச்சிகள் மிகுந்து பிஞ்சுகளைக் கடிக்குமாயின், செடி நலமாயிருக்கவே காயின்மேல் வளையப்புள்ளிகள் தோன்றுதல் உண்டு. இதனைக் கண்டு எதிர்ப்பு முறிந்தது என்று அலறியோரும் உளர். அது முறிவன்று, போர் நடந்த தழும்பு. மெய்யான முறிவில் செடி முழுதும் நோய் ஓடும், தளிர் கருகும். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வயலாய்வோர்க்கு முதற்பாடம். எதிர்ப்பு என்னும் ஒரே சொல்லால் மூன்று பொருளையும் விற்கும் வாணிகர்மீது எனக்கு வருத்தம் உண்டு. சொல் தெளிவாயிருந்திருப்பின் உழவன் வயலைப் பார்ப்பதை நிறுத்தியிரான்.

இனி முறிவைப் பற்றிக் கூறுவாம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதனை விளக்க ஏட்டுச்சுவடியினும் சிறந்த உவமை எனக்குத் தோன்றவில்லை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடுவதில்லை. காலிற்கும் ரகரத்திற்கும் வடிவு வேற்றுமை இல்லை. ஏடு சிதையச் சிதைய ஒருவர் பார்த்து ஒருவர் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதுந்தோறும் ஓரெழுத்துப் பிறழ்தல் இயல்பு. ஒளி என்பது ஒலி ஆம். ஒலி என்பது ஒழி ஆம். பெரும்பாலான பிழைகள் பொருள் தாராமையின் அடுத்து எழுதுவோரால் திருத்தப்படும். அன்றேல் அவ்வேடே மதிப்பிழந்து அழியும். எங்கோ ஒரு பிழை மட்டும் பொருள்தருவதாய் அமைந்து பாடபேதம் என்னும் பெயரொடு நிலைபெறும்.

நச்சுயிரியும் தன் ஆர்.என்.ஏ.யைப் பெயர்த்தெழுதியே பெருகுகின்றது. எழுதும் நொதிக்குப் பிழைபார்க்கும் வழக்கம் இல்லை. ஒரு செடியினுள்ளே கோடிக்கணக்கான படிகள் உண்டாகின்றன. அவற்றுள் பிழையுடையன பல. வழிதிறப்பான் என்னும் புரதம் 302 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையில் 118-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் மணி இருத்தல் மரபு. ஆர்.என்.ஏ.யில் ஓரெழுத்து மாறின், அவ்விடத்தில் டைரோசின் என்னும் மணி வந்தமையும். அல்லது 120-ஆம் இடத்தில் திரியோனின் நீங்கி அஸ்பராஜின் வரும். அதற்கும் ஓரெழுத்தே போதும். இவ்விரண்டனுள் ஒன்று நிகழின், காவற்புரதத்தால் வழிதிறப்பானை அடையாளங்காண இயலாது. வழிதிறப்பானோ தன் தொழிலை இன்னும் செய்யவல்லது. பகைவன் முகத்தில் ஒரு மச்சம் மாறிற்று. காவலன் அவனை அறியாது வாயிலைத் திறந்துவிட்டான். இவ்விரண்டு மாற்றங்களையும் 2011-இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் தெளிவாகக் காட்டினர். 2016-இல் பிரெஸ்னோ வயல்களிற் கண்ட நச்சுயிரியில் இருந்தது 118-ஆம் இடத்து மாற்றமே.

அற்றேல், அப்பிழை முன்னரே தோன்றியிருத்தல் கூடுமன்றோ, இதுகாறும் பெருகாதிருந்ததென்னை எனின், கூறுவாம். எதிர்ப்பில்லாத தக்காளி நிறைந்த வயலில் அப்பிழைக்குத் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. மரபான வடிவங்கள் கோடியிடையே அதுவும் ஒன்று, வலிவிற் சிறிது குறைந்ததாகவும் இருத்தல் கூடும், கூட்டத்துள் அமிழ்ந்துபோகும். பள்ளத்தாக்கு முழுதும் எஸ்.டபிள்யூ-5 உடைய இனங்களே நடப்பெறுங்காலோ, நிலைமை தலைகீழாகின்றது. மரபான வடிவங்கள் யாவும் முதல் அணுவிலேயே மாய்கின்றன. பிழையுடையது ஒன்றே எஞ்சிப் பெருகுகின்றது. பிழையை ஆக்கியது மரபணு அன்று. பிழையைத் தேர்ந்தெடுத்தது அதுவே. எத்துணை மிகுதியாக அம்மரபணுவை நம்பினரோ அத்துணை வலிதாக அத்தேர்வும் நிகழ்ந்தது.

இஃது எதிர்பாராத நிகழ்ச்சி என்றலும் பொருந்தாது. ஹவாய்த் தீவிலும், மேலை ஆஸ்திரேலியாவிலும், ஸ்பெயினிலும், இத்தாலியிலும் எஸ்.டபிள்யூ-5 முறிந்த செய்தி 1990-களிலிருந்தே ஒவ்வொன்றாய் வெளிவந்துகொண்டிருந்தது. 1998-இல் மேலை ஆஸ்திரேலியாவில் லேதம், ஜோன்ஸ் என்னும் இருவர் இத்தகைய வகைகள் தேர்ந்தெழும் வகையையே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தனர். கலிபோர்னியாவில் வாராதிருந்த ஆண்டுகளையே பேறெனக் கொள்ளவேண்டும்.

முறிந்தபின் வந்த தீமை இருமடங்கானது. எதிர்ப்புடையது என்று நம்பிய வயலில், இலைப்பேனை எண்ணுவாரும் நோய்ச்செடியைப் பிடுங்குவாரும் குறைந்திருப்பர். புதுவகை நச்சுயிரி புகுந்தவுடன் அவ்வயலே குஞ்சுகட்குத் தொட்டிலாகின்றது. முன்பு அண்டை வயலுக்கு அரணாயிருந்தது இப்பொழுது அதன்மேல் அம்பு தொடுக்கின்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நடுப்பள்ளத்தாக்கின் பிற மாவட்டங்களிலும் அவ்வகை காணப்பட்டது.

அங்ஙனமாயின் எஸ்.டபிள்யூ-5 பயனற்றதென்று எறிந்துவிடலாமோ எனின், அற்றன்று. மரபான வடிவங்கள் இன்னும் நிலத்தில் உள. அவற்றை அது தடுக்கின்றது. எறிந்தவிடத்துப் பழைய பகை முழுவலிவோடு திரும்பும். ஒரு தூணால் நின்ற வீட்டிற்கு இன்னும் சில தூண்கள் வேண்டும் என்பதே செய்தி. நின்ற தூணை வெட்டுதல் அறிவன்று.

அத்தூண்களுள் என் கருத்தில் முதன்மையானது குளிர்காலத்தைப் பற்றியது. தக்காளி மாசி பங்குனியில் நடப்பெற்றுப் புரட்டாசிக்குள் அறுவடையாகின்றது. இடைப்பட்ட குளிர்மாதங்களில் வயலில் தக்காளி இல்லை. நச்சுயிரியோ மண்ணிலும் நீரிலும் வாழாது. இறந்த சருகிலும் வாழாது. அது யாங்குச் சென்று தங்குகின்றது? பச்சை உயிர்களில்தான். குளிர்காலத்தில் விளையும் லெட்யூஸ் கீரை, அதன் உறவாகிய ராடிக்கியோ, மொச்சையினத்தைச் சார்ந்த பாவா அவரை, பாழ்நிலத்துக் களைகள், அறுவடைக்குப்பின் தாமே முளைத்த தக்காளி ஆகியன அதற்குப் பாலமாய் அமைகின்றன. வசந்தத்தில் அப்பாலத்தின்மேல் முதல் இலைப்பேன் தலைமுறை பிறந்து, புதிதாய் நட்ட தக்காளிக்குப் பறக்கின்றது. பாலம் இடிக்கப்படின் படை ஆற்றைக் கடவாது. அறுவடையான கீரை வயலை உடனே உழுதுவிடுதலும், களைகளை வசந்தத்திற்கு முன்னரே நீக்குதலும், நாற்று நோயற்றதா என நோக்கி நடுதலும் பகட்டில்லாத தொழில்கள். ஆயினும் நச்சுயிரியின் எவ்வகைக்கும் பொருந்துவன. 118-ஆம் மணி மாறினும் மாறாவிடினும் தங்குதற்குச் செடியில்லாத நச்சுயிரி அழியும்.

இதிலுள்ள இடர்ப்பாடு வேறு. பாலம் பெரும்பாலும் தக்காளி உழவனுடைய நிலத்தில் இராது. அண்டை நிலத்தான் கீரைக்கு விலை கிடையாமையின் வயலை உழாது சில வாரம் விட்டிருப்பான். அவனுக்கு அதனால் நட்டமில்லை. உழுதற்கு எண்ணெய்ச் செலவே மிச்சம். நட்டம் காற்றோடு பறந்து வேலி கடந்து இவனுக்கு வரும். ஒரு வயலின் தூய்மை ஒருவனால் ஆகும். ஒரு பள்ளத்தாக்கின் தூய்மை பலர் உடன்பட்டாலன்றி ஆகாது. மரபணு விலைக்குக் கிடைக்கும். அண்டையான் உடன்பாடு விலைக்குக் கிடைப்பதன்று. விதையை மட்டும் நம்பும் மனப்பான்மை எழுவதற்கு இதுவே அடிப்படை என்று தோன்றுகின்றது.

காலத்தை அறிதலும் ஒரு தூணேயாம். இலைப்பேனின் வளர்ச்சி வெப்பத்தின் அளவைப் பொறுத்தது. ஆண்டின் தொடக்கமுதல் நாடோறும் வெப்பத்தைக் கணக்கிட்டுக் கூட்டிவரின், எத்தனையாவது தலைமுறை எப்பொழுது இறகு பெறும் என்பதை ஒருவாறு முன்கூட்டியே அறியலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய கணக்கினை உழவர்க்கு வகுத்துத் தந்துள்ளனர். மருந்து தெளித்தே ஆகவேண்டுமாயின், பூச்சியைக் கண்டு அஞ்சிய நாளில் தெளியாது, இளந்தலைமுறை எழும் நாளில் தெளித்தல் வேண்டும்; ஒரே மருந்தைத் தொடராது மாற்றி மாற்றித் தெளித்தலும் வேண்டும். இலைப்பேனைத் தின்னும் சிறு பூச்சிகளும் உள. மருந்தை அளவின்றித் தெளிப்போர் முதலில் இழப்பது அத்தோழர்களையே.

விதை ஆக்குவோரும் வாளா இருக்கவில்லை. நச்சுயிரியைத் தடுக்காது பூச்சியையே வெறுக்கச் செய்யும் வழியொன்றை ஆராய்ந்தனர். பென்னெல்லி என்னும் காட்டுத்தக்காளியின் இலைமயிர்களின் நுனியில் பிசுபிசுத்த சருக்கரைப்பொருள் ஒன்று சுரக்கின்றது. இலைப்பேனும் வெள்ளை ஈயும் அதன்மேல் முட்டையிடத் தயங்குகின்றன. நியூயார்க்கு மாகாணத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இவ்வியல்பை நாட்டுத்தக்காளியிற் சேர்ப்பதில் பல்லாண்டு உழைத்துள்ளனர். ஒரு மரபணுவால் அமையாது பலவற்றால் அமைந்த இயல்பாதலின், புகுத்துதலும் கடினம். அதனாலேயே பூச்சிக்கு அதனைக் கடத்தலும் எளிதன்று எனக் கருத இடமுண்டு.

நம் நாட்டுச் செய்தியையும் ஒருவரி கூறிச் செல்வேன். இந்தியாவில் தக்காளியை இவ்வாறு வருத்துவது பெரும்பாலும் இதன் உறவாகிய வேறொரு நச்சுயிரி. நிலக்கடலை மொட்டுக் கருகல் நச்சுயிரி என்பது அதன் பெயர். அதனையும் பரப்புவது இலைப்பேனே. இனம் மட்டும் வேறு. எனவே கலிபோர்னியாவின் எஸ்.டபிள்யூ-5 வரலாற்றை அப்படியே நம் வயலுக்குப் பெயர்த்துக்கொள்ளல் ஆகாது. குஞ்சுப் பருவமும் பாலமும் பற்றி மேலே கூறியவை நம் உழவர்க்கும் பொருந்தும்.

இனி இரண்டாவது காவலனைப்பற்றி. காட்டுத்தக்காளி ஒன்றினின்று எஸ்.டபிள்யூ-7 என்னும் வேறொரு மரபணுவைக் கண்டுள்ளனர். ஒரே செடியில் இரண்டு காவலரை நிறுத்தினால், இருவரையும் ஒருங்கே ஏமாற்ற நச்சுயிரிக்கு இரண்டு பிழைகள் ஒரே படியில் நேரவேண்டியிருக்கும் என்பது கணக்கு. அக்காட்டுத்தக்காளியின் விதை டேவிஸ் நகரத்துத் தக்காளி மரபுவளக் களஞ்சியத்தில் எல்.ஏ.1938 என்னும் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளது. ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் பலமுறை அலைந்து இத்தகைய விதைகளைத் திரட்டி அக்களஞ்சியத்தை நிறுவியவர் சார்லஸ் ரிக் என்னும் அறிஞர். அவர் பிறந்தது 1915-இல், விக்டோரியாவில் இந்நோய் முதன்முதற் காணப்பட்ட ஆண்டிலே, மறைந்தது 2002-இல். பிரெஸ்னோ வயல்களினின்று வடக்கே சில மணிநேரப் பயணத்தில் அக்களஞ்சியம் உள்ளது. கேட்கும் ஆராய்ச்சியாளர்க்குச் சிறு உறையில் இட்டு விதையை இன்றும் அனுப்புகின்றனர்.